சொதப்புகிற கதாநாயகியை ஏன் பிடிக்கிறது?

கேள்வி: எனக்கு 26 வயது. திருவொற்றியூரில் வீடு. மண்ணடியில், துறைமுகச் சரக்கைச் சுங்கத்தில் விடுவித்துத் தரும் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் வேலை. போக வர மெட்ரோவில் காதல் நகைச்சுவை நாவல்களாகப் படிக்கிறேன். கதாநாயகி உளறுவாள், காபியைக் கொட்டுவாள், ஆள் மாற்றி மெசேஜ் அனுப்புவாள். எனக்கு அதுதான் பிடிக்கிறது. 'லூசுப் பொண்ணு கதை' என்று அண்ணன் கிண்டல் செய்கிறான். வீட்டில் வரன் பார்க்கிறார்கள். இதையெல்லாம் படித்து ஆசையை வளர்த்துக்கொள்ளாதே என்கிறார் அம்மா. நான் இன்னும் சின்னப்பிள்ளையாகவே இருக்கிறேனா?
– பெயர் வேண்டாம், திருவொற்றியூர்

பதில்: உங்கள் வேலையில் ஒரு எண் மாறினால் என்ன ஆகும் என்று எனக்குச் சொல்லத் தேவையில்லை. சரக்கு துறைமுகத்தில் நிற்கும், டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் ஏறும், பார்ட்டி போனில் கத்துவார். நாள் முழுக்க அப்படிச் சரிபார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால் வரன் பேச்சு. மெதுவாகப் பேசு, சத்தமாகச் சிரிக்காதே. பிழையே விடக்கூடாத ஒருத்திக்கு, பக்கத்துக்கு ஒரு பிழை விட்டும் நன்றாக வாழ்கிறவள் மேல் பிரியம் வராமல் இருந்தால்தான் அதிசயம். இதில் சின்னப்பிள்ளைத்தனம் எங்கே வந்தது?

அண்ணன் சொல்கிற லூசுப் பெண் சினிமாவில் வருபவள். அங்கே அவளை நாம் கதாநாயகன் பக்கம் நின்றுதான் பார்க்கிறோம். அவளுக்கு என்ன சம்பளம், ராத்திரி எதை நினைத்துத் தூக்கம் வராமல் புரள்கிறாள், ஒன்றும் தெரியாது. நாவலில் பெரும்பாலும் அவளே கதை சொல்கிறாள். உளறுவதற்கு முன்னால் மண்டைக்குள் ஓடிய கணக்கும் தெரிகிறது, உளறிய பிறகு தன்னையே திட்டிக்கொள்வதும் கேட்கிறது. நாம் சிரிப்பதற்குள் அவளே சிரித்துவிடுகிறாள்.

ஆங்கிலக் காதல் நகைச்சுவை நாவலின் கதாநாயகி பிரிஜெட் ஜோன்ஸ் அப்படித்தான் பிறந்தாள். 1995-ல் லண்டன் நாளிதழ் ஒன்றில் ஹெலன் ஃபீல்டிங் எழுதிய பத்தி அது, 1996-ல் நாவலானது. எடை எவ்வளவு, எத்தனை சிகரெட் என்ற கணக்கோடு டைரிப் பக்கங்கள் ஆரம்பிக்கும். அதன் கதைக்கு அடியில் இருப்பது 1813-ல் வெளிவந்த, ஆங்கில எழுத்தாளர் ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவல். அண்ணனிடம் இதையும் சொல்லுங்கள்.

அதற்காக எல்லாம் நல்ல புத்தகம் என்று நான் சொல்ல மாட்டேன். காபி கொட்டுவது மட்டுமே குணம் என்றால் எனக்குச் சீக்கிரம் அலுத்துவிடும். ஆஸ்டினின் 'எம்மா' நாவலின் கதாநாயகி எம்மாவைப் பாருங்கள். ஊருக்கெல்லாம் ஜோடி சேர்க்கப் போய் ஒவ்வொன்றிலும் மண்ணைக் கவ்வுகிறாள். அதுவரை நமக்குச் சிரிப்புதான். அப்புறம் ஒரு நாள் பாக்ஸ் ஹில் என்ற குன்றுக்கு எல்லோரும் உல்லாசமாகப் போன இடத்தில், ஓயாமல் பேசும் ஏழைப் பெண்மணி ஒருத்தியைக் கூட்டத்துக்கு நடுவில் நக்கலடித்துவிடுகிறாள். அந்தம்மாவின் முகம் சிவந்துபோகிறது. குடும்ப நண்பர் நைட்லி எம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுக் கண்டிக்கிறார். வண்டியில் வீடு திரும்பும் வழியெல்லாம் எம்மா அழுகிறாள். மறுநாள் காலையிலேயே அந்த வீட்டுக்குப் போய் நிற்கிறாள். தன் சொதப்பலுக்கு இப்படி ஈடு செய்கிறவளைத் தேடிப் படியுங்கள். சென்ட்ரலில் மெட்ரோ மாறினால் எழும்பூர். அங்கே கன்னிமாரா நூலகத்தில் உறுப்பினராகிவிட்டால் புத்தகத்தை வீட்டுக்கே எடுத்து வரலாம்.

அம்மாவின் பயத்தில் ஒரு பாதி நியாயம். இந்தக் கதைகளில் கடுகடு என்று இருப்பவன் முந்நூறாவது பக்கத்துக்குள் உருகிவிடுவான், அவன் குடுமி எழுத்தாளர் கையில். கல்யாணத்தில் அந்த வசதி கிடையாது. சிடுசிடு மாப்பிள்ளையை மாற்றிக்கொள்ளலாம் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள்.

மற்ற ஆசையை விட வேண்டாம். பெண் பார்க்க வந்தவரோடு பத்து நிமிஷம் பேச விட்டால், ஆபீஸில் நீங்கள் சொதப்பிய கதை ஒன்றைச் சொல்லிப் பாருங்கள். அவர் சிரித்துவிட்டுத் தன் சொதப்பல் ஒன்றைச் சொல்கிறாரா, உங்களுக்குப் புத்தி சொல்ல ஆரம்பிக்கிறாரா என்று கவனியுங்கள். இந்த யோசனை நான் கொடுத்தது என்று அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.