சக்கரம் வைத்தால் வீடு வண்டியாகிவிடுமா?

கேள்வி: பாகூர் பக்கம் எனக்கு 3 சென்ட் மனை இருக்கிறது. தனி ஆளுக்குப் பெரிய வீடு எதற்கு என்று, 40 அடி பழைய கன்டெய்னர் ஒன்றை வீடாக மாற்றி வைக்க நினைக்கிறேன். ரெட்டிச்சாவடியில் என் அக்கா மகன் சின்ன வீடு கட்ட ஆன்லைனிலேயே அனுமதி வாங்கிவிட்டான். என்னை மட்டும் வரைபடத்தோடு நகர அமைப்புக் குழுமத்துக்குப் போகச் சொல்கிறார்கள். பக்கத்து ஊருக்குள் ஏன் இந்த வித்தியாசம்? அடியில் சக்கரம் பொருத்திவிட்டால் அனுமதியே வேண்டாம் என்கிறார் கன்டெய்னர் விற்பவர். உண்மையா?

பதில்: விற்பவர் பேச்சை நம்பாதீர்கள் அம்மா. எந்தப் பொருளால் ஆனதாக இருந்தாலும், குடியிருக்கும் அமைப்பைச் சட்டம் கட்டடமாகத்தான் பார்க்கும். விசேஷத்துக்குப் போடும் பந்தலும் ஷாமியானாவும் வேறு. கரன்ட் இழுத்து, செப்டிக் டேங்க் இணைத்து, அடுப்பும் மூட்டிய பிறகு ‘இது வண்டி’ என்று வாதாட என்னால் முடியாது. வண்டிதான் என்று அடம்பிடித்தால், ட்ரெய்லராகப் பதிவு செய் என்று ஆர்.டி.ஓ. ஆபீசில் கேட்பார்கள். ஒரு தொல்லை இரண்டாகும்.

அடுத்தது, வித்தியாசம். உங்கள் பாகூர் போலப் பிரெஞ்சுக்காரர் ஆண்ட கிராமங்கள் கடலூர் மாவட்டத்துக்குள் திட்டுத் திட்டாகக் கிடந்தன. 1954இல் அவை இந்தியாவோடு சேர்ந்தாலும் தமிழ்நாட்டோடு சேரவில்லை, புதுச்சேரியின் பகுதியாகவே இருக்கின்றன. அதனால் அங்கே 1969ஆம் ஆண்டின் புதுச்சேரி நகர, கிராமத் திட்டச் சட்டம். அதோடு 2012ஆம் ஆண்டின் கட்டட விதிகள். ரெட்டிச்சாவடியில் தமிழ்நாட்டின் 1971ஆம் ஆண்டுச் சட்டமும் 2019ஆம் ஆண்டின் பொதுக் கட்டட விதிகளும். உங்கள் அக்கா மகன் பயன்படுத்தியது 2024 ஜூலையில் தமிழ்நாடு கொண்டுவந்த சுயசான்று முறையாகத்தான் (விதிப்படி கட்டுகிறேன் என்று உரிமையாளரே சான்று கொடுத்து அனுமதி வாங்குவது) இருக்கும்: 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் வீடு, முதல் மாடிக்கு மேல் கூடாது. உங்கள் மனை சுமார் 1,307 சதுர அடிதான். ஆனாலும் அது புதுச்சேரி மண்ணில் இருக்கிறதே! விதி மனையைப் பார்க்கும், ஆளைப் பார்க்காது.

உண்மையான சிக்கல் கன்டெய்னருக்குள்ளேயே இருக்கிறது. சாதாரணக் கன்டெய்னரின் உள் அகலம் சுமார் 2.35 மீட்டர், உள் உயரம் சுமார் 2.39 மீட்டர். 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, குடியிருக்கும் அறைக்குக் குறைந்தது 2.4 மீட்டர் அகலமும் 2.75 மீட்டர் உயரமும் சொல்கிறது. ஏ.சி. அறைக்கு உயரம் 2.4 போதும். சூடு உள்ளே வராமலிருக்கச் சுவரில் பலகை அடித்தால் அகலம் இன்னும் குறையும். இந்தத் தொகுப்பு நேரடிச் சட்டம் இல்லை, மாதிரி விதிதான். ஆனால் உள்ளூர் விதிகள் பெரும்பாலும் அதைத் தழுவியவை. அதனால் இரண்டு கன்டெய்னரைச் சேர்த்து நடுச்சுவரை எடுப்பதோ, அதே பரப்பில் செங்கல் வீடு கட்டுவதோ சுலபம். என்னைக் கேட்டால் செங்கல்தான். சித்திரை வெயிலில் தகரப் பெட்டிக்குள் இருப்பதை நினைத்துப் பாருங்கள்.

சரி, இப்போது என்ன செய்வது? முதலில் பத்திரத்தை எடுத்து, மனை அங்கீகரிக்கப்பட்ட லேஅவுட்டில் வருகிறதா, இல்லையென்றால் பிறகாவது அரசு அதை முறைப்படுத்தி (வரன்முறை) இருக்கிறதா என்று பாருங்கள். விளைநிலத்தைத் துண்டு போட்டு விற்றதாக இருந்தால் வீடு எவ்வளவு சின்னதானாலும் அனுமதி கிடைப்பது கஷ்டம். அப்புறம் பதிவுபெற்ற பொறியாளரிடம் வரைபடம் வாங்கிக் குழுமத்தில் கொடுங்கள். உங்கள் பகுதி உள்ளாட்சியான கொம்யூன் பஞ்சாயத்திலும் என்ன வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். அனுமதி கைக்கு வரும்வரை கன்டெய்னருக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். கொடுத்தே ஆக வேண்டுமென்றால், அனுமதி மறுக்கப்பட்டால் பணம் முழுதும் திரும்ப வரும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.