குகைக்கோயில் அடிவாரக் குளத்த தூத்து பார்க்கிங், கடை கட்டப் போறாங்களாமே – பதில்

தம்பி, மொதல்ல அந்த எடம் யார் கைல இருக்குன்னு போர்டு பாருங்க. நம்ம எல்லைப்பக்கம் இதுல கொழப்பம் ஜாஸ்தி, பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டுல கெடக்கு, பாத்துக்கிடறது கேரள தொல்லியல் துறை. குமரி மாவட்டத்து சிதறால் சமணக் குகைக்கோயில் மாதிரி மத்திய தொல்லியல் துறை எடம்னா, பழைய சின்னங்களைப் பாதுகாக்கற சட்டத்தோட 2010 திருத்தப்படி பாதுகாக்கப்பட்ட எல்லைல இருந்து 100 மீட்டருக்கு புதுக் கட்டடமே கூடாது, அரசாங்கம் கட்டுனாலும் அப்படித்தான், அதுக்கப்புறம் 200 மீட்டருக்கு அனுமதி வாங்கணும். செலைல இருந்து அளக்காதீங்க, எல்லைல இருந்து அளங்க. மாநிலத் துறைன்னா சட்டமே வேற.

நீங்க டாய்லெட்டையும் சேத்து எதுக்கணும்னு எழுதிருக்கீங்க, அத விட்ருங்க. பொதுக் கழிப்பறை அந்தச் சட்டத்துல 'கட்டுமானம்'ங்கிற கணக்குலயே வராது, வர்ற பொம்பளையாளுக்கு அது வேணும்லா. கடை வரிசைதான் மாட்டும்.

குளத்துக்கு விஏஓ ஆபீஸ்ல அ-பதிவேடு (எந்த சர்வே நம்பர் என்ன வகை நெலம்னு எழுதிருக்கற பதிவேடு) பாருங்க, குளம் பொறம்போக்குன்னு இருந்தா நகல் வாங்கி வச்சுக்கிட்டு கலெக்டருக்கு மனு குடுங்க, ஊராட்சின்னா கிராம சபைலயும் தீர்மானம் கேளுங்க. ஆனா தனியா போய் நிக்காதீங்க, குளத்துல குளிக்கறவங்க, ஆடு மேய்க்கறவங்க, முக்கியமா பார்க்கிங் வேணும்னு சொல்ற ஆட்டோக்காரங்க, டீக்கடைக்காரர் எல்லாரையும் கூப்பிட்டு ரோட்டோரமா வேற எடம் காட்டிட்டு போங்க, இல்லேன்னா வளர்ச்சிக்கு எதிரின்னு ஒரே வார்த்தைல முடிச்சிருவாங்க.

சர்வே நம்பர் கெடச்சா இங்க போடுங்க.