மண் ஈரமாக இருந்தும் தொட்டித் தக்காளி வாடுவது ஏன்?

காலையில் நிமிர்ந்து நிற்கும் செடி, மண்ணில் ஈரம் இருந்தும் மதிய வெயிலில் தினமும் துவண்டு போனால், அதன் வேரைப் பாருங்கள். செடியைப் பிடுங்கிக் கழுவும்போது வேரெல்லாம் முண்டு முண்டாக வீங்கியிருந்தால், அது வேர்முடிச்சு நூற்புழு. கண்ணுக்குத் தெரியாத, ஒரு மில்லிமீட்டர்கூட நீளமில்லாத புழு. வேர் நுனி வழியாக உள்ளே போய் ஓரிடத்தில் தங்கிச் சாறு உறிஞ்சும். அந்த இடம் வீங்கி, தண்ணீர் ஏறும் பாதை நெரிபடும். மாடி டேங்க் நிறைய தண்ணீர் இருந்தும், குழாயில் அடைப்பு இருந்தால் சொட்டுச் சொட்டாக வருமே, அதே கதைதான். இது தெரியாமல் மேலும் மேலும் தண்ணீர் ஊற்றி வேரை அழுகவைப்பவர்களைப் பார்த்தால் மனசு கஷ்டமாக இருக்கும்.

தாக்குதல் முற்றிய செடியைக் காப்பாற்றுவது கடினம். வேரோடு எடுத்து அப்புறப்படுத்துங்கள், உரக்குழியில் போடாதீர்கள். ஒரு பெண் புழுவே சில நூறு முட்டைகள் இடும். மண்ணை நனைத்து, நிறமற்ற பாலித்தீன் தாளால் இறுக மூடி, கோடை வெயிலில் 4 முதல் 6 வாரம் விடுங்கள். அப்புறம் தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு கலந்து, முதலில் செண்டுமல்லி வையுங்கள். தக்காளி, கத்தரி, வெண்டை உடனே வேண்டாம்.

அவரை, தட்டைப்பயறு வேரில் உருண்டைகளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். விரலால் தேய்த்ததும் உதிர்ந்தால் அவை தழைச்சத்து சேர்க்கும் நல்ல முடிச்சுகள், நூற்புழு வீக்கம் அப்படித் தனியே உதிராது.