கழனி, கொல்லை, காடு: குட்டி ரயிலுக்கு நம்ம ஊர் நிலம் செய்வது பற்றிய கேள்வி பதில்

காட்பாடியிலிருந்து கண்ணமங்கலம் பக்கம் போகும் பாதையை, அது மீட்டர் கேஜாக இருந்த காலத்துத் தோற்றத்தில், எட்டடிக்கு நாலடி பலகையில் செய்துகொண்டிருக்கிறேன். அளவு ஹெச்.ஓ. அதாவது 1:87. நிஜத்தில் 87 அடி இருப்பது பலகையில் ஓரடி. ரயிலைவிட அதைச் சுற்றியிருக்கும் நிலத்தில்தான் எனக்கு ஆசை அதிகம். அது தெரிந்து நண்பர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

ஆம்பூரிலிருந்து: அண்ணா, புல், மரம் எல்லாம் நல்ல வெளிநாட்டுச் சாமானாக வாங்கி ஒட்டினேன். பார்க்கிறவர்கள் பொம்மை மாதிரி இருக்கிறது என்கிறார்கள். தப்பு எங்கே?

தப்பு பச்சையில் இருக்கிறது தம்பி. கடையில் வரும் புல்தூளில் பெரும்பாலானது ஐரோப்பிய மேய்ச்சல் நிலத்தைப் பார்த்து நிறம் கூட்டியது. நம் நிலத்துக்கு அடிநிறம் செம்மண். அதன்மேல் வைக்கோல் நிறப் புல், தூசி படிந்த இலை. பச்சை கடைசியாக, குறைவாக வர வேண்டும்.

வேலையைத் தொடங்கும் முன் எந்த மாதம் என்று முடிவு செய்யுங்கள். நான் தை மாதத்தை எடுத்துக்கொண்டேன். சில கழனிகளில் அறுப்பு முடிந்து தாள் நிற்கும், பக்கத்துக் கழனியில் கதிர் இன்னும் பழுத்து நிற்கும், களத்துமேட்டில் புது வைக்கோல்போர் இருக்கும், ஏரியில் தண்ணீர் இருக்கும். ஒரே பலகையில் இத்தனை நிறம் நியாயமாகக் கிடைக்கும் மாதம் வேறு இல்லை. சித்திரை வேண்டுமென்றால் அதுவும் அழகுதான், ஆனால் துணிந்து எல்லாவற்றையும் காயவிட வேண்டும்.

இப்போது ஒட்டியிருப்பதைப் பிய்த்து எறிய வேண்டாம். செம்மண் நிற அக்ரிலிக் வண்ணத்தைத் தண்ணீராகக் கரைத்து எல்லாவற்றின் மேலும் லேசாகத் தெளியுங்கள். காய்ந்ததும் வெளுத்த மஞ்சளை, தூரிகையில் ஒட்டியும் ஒட்டாமலும் எடுத்து, புல் நுனியில் மட்டும் தடவுங்கள். பாதி வித்தியாசம் அங்கேயே தெரியும்.

குடியாத்தத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: செலவு தாங்கவில்லை சார். உள்ளூர்ப் பொருளை வைத்தே முடியுமா?

முடியும். சில இடங்களில் அதுதான் மேல். மண்ணுக்கு மண்ணைவிட நல்ல பொருள் எது? எந்த ஊரைச் செய்கிறீர்களோ அந்த ஊரிலேயே ஒரு பை அள்ளி வாருங்கள். வாணலியில் வறுத்தால் பூச்சி, முட்டை, விதை எல்லாம் போய்விடும். ஆறியதும் டீ வடிகட்டியில் சலியுங்கள். அப்புறம் ஒரு காந்தத்தைக் காகிதத்தில் சுற்றி மண்ணுக்குள் நாலைந்து முறை இழுங்கள். கறுப்புத் துகள் ஒட்டிக்கொண்டு வரும். அதை எடுக்காமல் விட்டால் இஞ்சினின் மோட்டார் காந்தம் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

ஒட்டும்போது முதலில் மண்ணை நனைக்க வேண்டும். ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் சேர்த்த தண்ணீரைப் பனி மாதிரி தெளியுங்கள். பிறகு ஒரு பங்கு ஃபெவிகால், ஒரு பங்கு தண்ணீர் கலந்து ஊசி போடும் சிரிஞ்சால் சொட்டுச் சொட்டாக விடுங்கள். நனைக்காமல் விட்டால் பசை முத்து முத்தாக உருண்டு மண்ணில் பள்ளம் விழும்.

மரத்தூளைச் சாயத்தில் ஊறவைத்துக் காயவைத்தால் தரைப்புல். தேங்காய் நார் நறுக்கினால் உயரமான காய்ந்த புல். டீ போட்ட பிறகு காயவைத்த தூள் எருக்குழிக்கு ஆகும். ஜல்லிக்கு எம் சாண்ட் போதும். நிஜத்தில் ரயில் பாதை ஜல்லி 20 முதல் 65 மில்லிமீட்டர் வரை இருக்கும். 87ஆல் வகுத்தால் பெரிய கல்லே முக்கால் மில்லிமீட்டர்தான். அதைவிடப் பெரிதாகப் போட்டால் தண்டவாளத்துக்கு இடையே பாறாங்கல் கிடப்பது மாதிரி தெரியும்.

ஆரணியிலிருந்து: ஒரு ஏக்கர் நெல் கழனி வைக்க ஆசை. இடம் போதுமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஏக்கர் சதுரமாக இருந்தால் பக்கத்துக்கு சுமார் 64 மீட்டர். பலகையில் 73 சென்டிமீட்டர். நாலடி அகலத்தில் பாதிக்கு மேல் அதுவே தின்றுவிடும். அஞ்சு சென்ட் துண்டுகளாகப் பிரித்தால் ஒன்று 16 சென்டிமீட்டர் வரும். நாலு துண்டு, நடுவே கோணல் மாணலாக வரப்பு. ஒன்றில் நாற்றங்கால், ஒன்றில் கதிர், ஒன்றில் தாள், ஒன்று சேடையோட்டிய வெறும் சேறு. வரப்பு நேராக இருக்கக் கூடாது, இரண்டு மில்லிமீட்டர் உயரம் போதும்.

கதிர் முற்றிய நெல் இடுப்பளவு, அதாவது 11 மில்லிமீட்டர். தென்னை நார் மிதியடியிலிருந்து கொத்துக் கொத்தாக வெட்டி நட்டால் சரியாக இருக்கும். பொன்னிறத்தை நுனிக்கு மட்டும் கொடுங்கள், அடியில் பச்சை மிச்சம் இருக்கட்டும்.

அவரே: சேற்றுத் தண்ணீருக்கு ரெசின் (கண்ணாடி மாதிரி இறுகும் பிசின்) ஊற்றினேன், குமிழியாக நிற்கிறது.

நம்ம ஊர் வெயிலில் ரெசின் சீக்கிரம் இறுகிவிடும், குமிழி மேலே வர நேரம் கிடைக்காது. விடியற்காலையில் ஊற்றுங்கள். ஒரு தடவைக்கு இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். அதற்கு முன் அடித்தரைக்குச் சேறு நிறம் பூசி, இரண்டு கை ஃபெவிகால் கொடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மண்ணுக்குள் இருக்கும் காற்று கிளம்பிக்கொண்டே இருக்கும்.

திருவலத்திலிருந்து: பனைமரம் எப்படிச் செய்தாலும் குடை மாதிரி வருகிறது ஐயா.

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். பனை இல்லாமல் வட ஆற்காட்டு நிலம் இல்லை.

குடை மாதிரி வருவதற்குக் காரணம், எல்லா ஓலையையும் ஒரே மட்டத்தில் ஒட்டுவது. நிஜப் பனையின் தலை கிட்டத்தட்ட உருண்டை. நடுவில் குருத்து நேராக நிற்கும், சுற்றி ஓலைகள் பக்கவாட்டில் நீட்டும், கீழே காய்ந்த ஓலைகள் பழுப்பாகத் தொங்கும். அந்தத் தொங்கும் காவோலைதான் பனைக்கு முகம். ஏறி ஓலை வெட்டுகிற மரத்தில் அது இருக்காது, யாரும் ஏறாத மரத்தில் தாடி மாதிரி இருக்கும். தோப்பில் இரண்டு விதமும் கலந்து வையுங்கள்.

15 மீட்டர் மரம் என்றால் பலகையில் 17 சென்டிமீட்டர். மூங்கில் குச்சியை அடியில் கொஞ்சம் பருமனாக விட்டுச் சீவுங்கள். பழைய ரம்பத் துண்டால் குறுக்கே கீறினால் வளையம் தெரியும். மரத்துக்குப் பழுப்பு பூசாதீர்கள். பனை கறுத்த சாம்பல் நிறம். ஓலைக்கு 15 மில்லிமீட்டர் வட்டக் காகிதம், கால் பங்கு வெட்டி எடுத்துவிட்டு, விசிறி மாதிரி மடித்து ஓரத்தில் கத்தரி போட வேண்டும். ஒரு மரத்துக்கு முப்பது ஓலையாவது வேண்டும். ஒரு மரம் முடிக்க எனக்கு ஒரு மாலை நேரம் ஆகிறது. ஆனால் ஏரிக்கரையில் ஐந்து பனை நின்றுவிட்டால், எந்த ஊர் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

போளூரிலிருந்து: ஜவ்வாது மலைக் காடு செய்ய எத்தனை மரம் தேவை?

முன் வரிசைக்கு இருபது முழு மரம். பின்னால் வெறும் தலைகள் போதும். காட்டை வெளியிலிருந்து பார்க்கும்போது ஓரத்து மரத்தின் தண்டுதான் தெரியும், உள்ளே தெரிவதெல்லாம் கிளைத்தலை. பின்பக்கத்தைத் தெர்மாகோல் சரிவாக எழுப்பி, சாயம் போட்ட பஞ்சு உருண்டைகளை நெருக்கி ஒட்டுங்கள். தூரம் போகப் போக உருண்டையும் சிறுக்க வேண்டும், பச்சையும் நீலச் சாம்பலாக வெளுக்க வேண்டும்.

முன் வரிசைக்குக் காய்ந்த துளசிக் கொம்பை எடுங்கள். அதன் கிளைப்பு மரத்தின் கிளைப்பு மாதிரியே இருக்கும். பழைய வயரின் செம்புக் கம்பிகளை முறுக்கியும் செய்யலாம். அது வேலிக்காத்தானுக்கு, அதாவது சீமைக்கருவேலத்துக்குப் பொருத்தம், ஏனென்றால் அந்த மரம் அடியிலிருந்தே பல தண்டாகக் கிளம்பும்.

காட்டுத் தரையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இந்த மலைக்காடு கோடையில் இலை உதிர்ப்பது. காய்ந்த வேப்பிலையை மிக்ஸியில் அடித்துச் சலித்து மரத்தடியில் தூவுங்கள். இங்கே புல் வேண்டாம்.

வேலூரிலிருந்து: கோட்டைக்குப் பின்னால் தெரியும் மலை மாதிரி செய்யத் தெர்மாகோல் மேல் ஸ்ப்ரே அடித்தேன், உருகிவிட்டது.

ஸ்ப்ரேயில் இருக்கும் கரைப்பான் தெர்மாகோலைக் கரைக்கும். தண்ணீரில் கரையும் வண்ணம் மட்டும் பயன்படுத்துங்கள், அல்லது முதலில் பிளாஸ்டர் பூசி மூடுங்கள். அமெரிக்காவில் லின் வெஸ்ட்காட் பரப்பிய முறை ஒன்று உண்டு. கசக்கிய செய்தித்தாளைக் குவித்து, பிளாஸ்டரில் நனைத்த காகிதத்தை அதன்மேல் போர்த்தினால் ஓடு மாதிரி இறுகிவிடும். நான் காகிதத்துக்குப் பதில் பழைய வேட்டித் துணி போடுகிறேன். நம் மலைகள் உருண்டைப் பாறை அடுக்கியவை. மழைநீர் வழிந்த கறுப்புக் கோடு மேலிருந்து கீழே இறங்க வேண்டும், அதை மறக்காதீர்கள்.

வாலாஜாவிலிருந்து: 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய முதல் ரயிலைச் செய்யப் போகிறேன். நிலத்தில் எதை மாற்ற வேண்டும்?

நல்ல ஆசை. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை அல்லவா, 1856 ஜூலை 1 அன்று திறந்தது. முதலில் வேலிக்காத்தானை முழுக்க எடுத்துவிடுங்கள், அந்த மரம் அப்போது இங்கே வரவேயில்லை. பம்புசெட் அறை, மின்கம்பம் போக வேண்டும். கிணற்றில் கவலை (தோல் பையில் தண்ணீர் இறைப்பது) இறைக்கிற மாடு ஒரு ஜோடி, கிணற்றை விட்டு விலகிச் சரிவில் இறங்குகிற மாதிரி வையுங்கள். கொல்லையில், அதாவது மானாவாரி நிலத்தில், கம்பும் கேழ்வரகும் போடுங்கள். பனை, புளி, ஆல், வேம்பு அப்படியே இருக்கட்டும். ஜூலை என்பதால் ஏரியில் தண்ணீரை வற்றவிட்டு, கரையோரச் சேறு வெடித்திருப்பதைக் காட்டுங்கள். பாதை அப்போதே பிராட் கேஜ். கடையில் கிடைக்கும் ஹெச்.ஓ. தண்டவாளத்தின் இடைவெளி 16.5 மில்லிமீட்டர், நம் பிராட் கேஜ் அந்த அளவில் 19 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல் வரும். தண்டவாளத்தை நீங்களே பதிக்கத் தயார் என்றால் சொல்லுங்கள், அளவுக்கட்டை செய்து தருகிறேன்.