ஆய்வகம் இல்லாத இடத்தில் ஆய்வகப் பயிற்சி கேட்டால்

வணக்கம். பயோடெக்னாலஜி இரண்டாம் ஆண்டு படிக்கிறீர்கள், மரபணு நோய்களுக்கான ஆறு தொண்டு நிறுவனங்களுக்கு எழுதியும் ஒரு பதிலும் வரவில்லை என்று வருந்தியிருந்தீர்கள். நீங்கள் அனுப்பிய கடிதத்தைப் படித்தேன். பிசிஆர், ஜெல் போன்ற டிஎன்ஏ சோதனை முறைகள் என்று ஆய்வகப் பயிற்சியை மட்டுமே கேட்டிருக்கிறீர்கள். இத்தகைய அமைப்புகள் பலவற்றில் ஆய்வகமே கிடையாது. 1983இல் இந்தியாவில் தொடங்கிய ஹீமோபீலியா ஃபெடரேஷனை எடுத்துக்கொள்ளுங்கள், ஹீமோபீலியா, அதாவது இரத்தம் சரியாக உறையாத மரபணு நோய், உள்ள ஒருவரே முன்னின்று அமைத்தது அது. அங்கெல்லாம் தேவை, குடும்பங்களோடு பொறுமையாகத் தமிழில் பேசக்கூடிய ஆள்.

பயிற்சியில் நான் முதலில் கற்றது வம்சாவளிப் படம், அதாவது குடும்பத்தில் யாருக்கு நோய் இருக்கிறது என்று தலைமுறை வாரியாகக் காட்டும் படம், வரைவது. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோய் இருந்தால் உள்ளே கறுப்பு, சொந்தத்தில் திருமணம் என்றால் இரட்டைக் கோடு. அந்தக் கோட்டைப் போடும்போதே எதிரில் இருக்கும் தாயின் முகம் வாடிவிடும். "அத்தை மகனைக் கட்டிக்கொண்டதால்தானே?" என்பார். அந்த நேரத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவர் பேசுவதைக் கேட்க வேண்டும். எந்தப் பாடப்புத்தகமும் எனக்கு அதைச் சொல்லித்தரவில்லை. முதலில் உங்கள் குடும்பத்துக்கே மூன்று தலைமுறைப் படம் வரைந்து பழகுங்கள்.

கடிதத்தோடு ஒரு மாதிரி வேலையை இணையுங்கள். 2021ஆம் ஆண்டின் தேசிய அரிய நோய்கள் கொள்கையை ஒரு தாய்க்குப் புரியும்படி ஒரே பக்கத்தில் தமிழில் எழுதுங்கள். ஏப்ரல் 17 உலக ஹீமோபீலியா தினம். அதற்கு இரண்டு மாதம் முன்பே கடிதம் எழுதினால் நல்லது. உதவித்தொகை உண்டா என்று கூச்சமின்றிக் கேளுங்கள். புதிய கடிதத்தை அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.