வதந்தி அடங்கும் விதம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியம்மா தினமும் ஏதாவது அனுப்புகிறார். போன வாரம், தடுப்பூசி போட்டால் நரம்பு தளர்ந்துவிடும் என்று ஒன்று. ஆதாரத்தோடு மறுத்தேன். "எச்சரிக்கையா இருந்தா நல்லதுதானேப்பா" என்கிறார். மறுநாள் அதையே சித்தி அனுப்புகிறார். மறுத்து மறுத்து நானே பரப்புகிறேனோ? பேசாமல் விட்டுவிடலாமா?

க., தெம்பனிஸ்

அன்புள்ள க.,

விட்டுவிடாதீர்கள். ஆனால் 'பொய்' என்று சொல்லிவிட்டால் போதும் என்றும் நினைக்காதீர்கள்.

1967 அக்டோபர் கடைசியில் நம் சிங்கப்பூரில் ஒரு பீதி கிளம்பியது. காய்ச்சல் தடுப்பூசி போட்ட பன்றியின் இறைச்சியைத் தின்றால் ஆண்குறி உடலுக்குள் சுருங்கி உயிர் போய்விடும் என்ற பேச்சு. 'கோரோ' என்பார்கள். பதிவானவர்கள் மட்டும் 469 பேர். இறைச்சியால் ஆபத்தில்லை என்று அரசு அறிவித்தும் பீதி அடங்கவில்லை. பிறகு மருத்துவர்கள் தொலைக்காட்சியிலும் வானொலியிலும் வந்து, இது பயத்தால் வருவது, உறுப்பு அப்படி உள்ளே போக உடலில் வழியே இல்லை என்று விளக்கினார்கள். சில வாரங்களில் ஓய்ந்தது. இறைச்சியைப் பற்றிய உறுதிமொழியால் ஆகாதது, பயம் எப்படிப் பிடிக்கிறது என்ற விளக்கத்தால் ஆனது. எனக்கு இது மிகப் பெரிய பாடமாகப் படுகிறது.

அதே 1960களில் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மெக்குவயர், சாப்பிட்டதும் பல் துலக்குவது நல்லது என்பதுபோல் யாரும் கேள்வி கேட்காத நம்பிக்கைகளை வைத்துச் சோதித்தார். ஆதரவான வாதங்களை மட்டும் கேட்டவர்கள் எதிர்ப்பு வந்ததும் எளிதில் ஆட்டம் கண்டார்கள். எதிர்வாதத்தை லேசாக, அதற்கான பதிலோடு முன்பே கேட்டவர்கள் கூடுதலாகத் தாக்குப்பிடித்தார்கள். தடுப்பூசி வேலை செய்யும் முறைதான்.

உங்கள் சந்தேகத்தில் நியாயம் உண்டு. திரும்பத் திரும்பக் கேட்டது உண்மைபோல் தோன்றும். 1977இலேயே சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். அதனால் அந்தச் செய்தியைப் படம்பிடித்துத் திரும்பப் போடாதீர்கள். உண்மையை முதலில் சொல்லுங்கள்.

குழுவில் எல்லார் முன்னாலும் திருத்தினால் பெரியம்மா தன் மரியாதையைக் காக்கத்தான் பேசுவார். போன் செய்யுங்கள், முடிந்தால் நேரில் போங்கள். எதற்குப் பயப்படுகிறார் என்று முதலில் கேளுங்கள். பெயரில்லாத 'பெரிய டாக்டர்', 'உடனே பத்துப் பேருக்கு அனுப்பவும்' என்ற அவசரம், இவைதான் வதந்தியின் அடையாளங்கள் என்று அடுத்த செய்தி வருமுன்பே சுட்டிக்காட்டுங்கள். சித்தியிடம் பெரியம்மாவே அதைச் சொல்லட்டும். நீங்கள் அனுப்பும் இணைப்புகளைவிட அக்காவின் பேச்சைத்தான் சித்தி கேட்பார்.