பரிசாக வந்த பாயின்செட்டியா, கலாஞ்சோ, சாமந்தி: வீட்டுக்குள்ளா, மாடியிலா?

இராயபுரத்தில் மூன்றாம் மாடியில் குடியிருக்கும் உங்களுக்குக் கிறிஸ்துமஸ் பரிசாக வந்த இந்த மூன்று தொட்டிகளையும் எங்கே வைப்பது, அடுத்த ஆண்டும் பூக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரம்பூரில் இதே வெயிலிலும் இதே தண்ணீரிலும் செடி வளர்ப்பவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

முதலில் தொட்டியைச் சுற்றியுள்ள பளபளப்புத் தாளைக் கழற்றிவிடுங்கள். பரிசுச் செடிகள் பெரும்பாலும் வெயிலால் சாவதில்லை. அந்தத் தாளுக்குள் தேங்கும் தண்ணீரில் வேர் அழுகிச் சாகின்றன. வேர் அழுகிய செடியின் இலையும் வாடித் தொங்குவதால், தாகம் என்று எண்ணி நாம் மேலும் ஊற்றிவிடுகிறோம். இவை பெரும்பாலும் தென்னை நார்த்தூளில் வளர்க்கப்பட்டவை. மேற்பரப்பு காய்ந்திருந்தாலும் அடியில் ஈரம் இருக்கும் என்பதால், விரலை விட்டுப் பார்த்த பிறகே ஊற்றுங்கள். கடலோரப் பகுதிகளில் போர் தண்ணீர் பல இடங்களில் உப்பாக இருக்கிறது. இலை ஓரம் கருகி, மண்ணின் மேல் வெள்ளைப் படிவு தெரிந்தால் மெட்ரோ தண்ணீருக்கோ மழைநீருக்கோ மாறிவிடுங்கள்.

பாயின்செட்டியாவைப் பூ நிறம் இருக்கும்வரை கிழக்கு ஜன்னலருகே, ஏசி காற்று படாமல் வைக்கலாம். சிவப்பாகத் தெரிபவை இதழ்கள் அல்ல, நிறம் மாறிய இலைகள். நடுவிலுள்ள சிறு மஞ்சள் மொட்டுகளே பூக்கள். மார்ச் வாக்கில் நிறம் மங்கியதும் ஒரு சாண் உயரத்துக்கு வெட்டி, செம்மண்ணும் மட்கிய எருவும் கலந்த சற்றுப் பெரிய தொட்டிக்கு மாற்றுங்கள். வெட்டும்போது வடியும் பால் தோலை எரிச்சலூட்டும் என்பதால் கையுறை நல்லது. மொட்டை மாடிக்குக் கொண்டுபோனால் பச்சை நிழல் வலைக்குக் கீழ் காலை வெயில் மட்டும் படட்டும். கத்திரி வெயிலில் தரையின் சூடே வேரை வேகவைத்துவிடும் என்பதால் தொட்டியைச் செங்கல் மேல் ஏற்றி வையுங்கள். தாயகமான மெக்சிகோவில் இது ஆள் உயரத்தைத் தாண்டும் புதர். குட்டையாக நிற்க மருந்து தெளித்தே விற்கிறார்கள். ஆகவே உங்கள் வீட்டில் நெடுநெடுவென வளர்ந்தால் அதை நோய் என்று நினைக்க வேண்டாம்.

மீண்டும் சிவக்க வேண்டுமானால் அக்டோபர் தொடக்கத்திலிருந்து எட்டு வாரங்களுக்கு, நாள்தோறும் சுமார் 14 மணி நேரம் இடைவிடாத இருட்டு வேண்டும். நம் தெருவிளக்கு வெளிச்சமே அதைக் கெடுத்துவிடும் என்பதால், மாலை ஆறு மணிக்கு அட்டைப்பெட்டியால் மூடி, காலை எட்டு மணிக்குத் திறவுங்கள். இவ்வளவு செய்தாலும் சென்னையின் வெப்பமான இரவுகளில் கடையில் கண்ட அடர்சிவப்பு வருவது அரிது. எனக்கு அந்த வெளிர்சிவப்பே போதும். உங்களுக்குப் போதாது என்றால் அட்டைப்பெட்டி வேலையை விட்டுவிட்டு, பச்சைச் செடியாகவே வைத்துக்கொள்ளலாம்.

கலாஞ்சோ மூன்றிலும் எளிது. சதைப்பற்றுள்ள இலையில் நீரைச் சேமிப்பதால் மண் நன்கு காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். வாடிய பூக்காம்பை வெட்டிவிட்டு, கிளை நுனியை மணலில் ஊன்றினால் வேர் பிடிக்கும். வடகிழக்குப் பருவமழையில் மட்டும் சன்ஷேடுக்குக் கீழே நகர்த்துங்கள்.

சாமந்தியை வீட்டுக்குள் வைக்கவே வேண்டாம், வெளிச்சம் போதாமல் மொட்டு விரியாது. பூத்து முடிந்ததும் நான்கு விரல் உயரம் விட்டு வெட்டினால் அடியிலிருந்து பக்கக் கன்றுகள் வரும். அவற்றைப் பிரித்து நட்டு, கோடையில் நிழலில் வைத்தால் சில தப்பிக்கும்.